மக்களின் கல்விக்குப் பொருள் சேர்த்து வைக்கும் முறை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியச் சுவை வாய்ந்ததன்று. தமிழாசிரியன் ஒருவன் வட்டிக் கணக்குப் பேசலாமோ என்று உங்களிற் சிலர் ஐயுறவுங் கூடும். ஆயினும், திருவள்ளுவனார் தம் நூலிற் கல்வி என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தார். பொருள்செயல்வகை என்னும் அதிகாரமும் அப்பாலிலேயே உள்ளது. கல்வியையும் பொருளையும் ஒரு கூரையின்கீழ் வைத்த ஆசிரியரைக் கற்பிப்பவன், அவ்விரண்டிற்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுவது முறைகேடாகாது என்று துணிந்தே இங்கு நிற்கின்றேன்.

பன்னிரண்டாம் வகுப்பின் தேர்வு முடிவு வெளிவருங் காலத்தில் எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் இரண்டு காட்சிகளைக் காண்கின்றேன். முதல் வாரத்திற் பெற்றோர் இனிப்பொடு வருகின்றனர். சில வாரங் கழித்து, கலந்தாய்வில் இடங் கிடைத்த பின்னர், அதே பெற்றோர் முகம் வாடி வருகின்றனர். கட்டணஞ் செலுத்துதற்குச் சில நாட்களே தவணை, கையிற் பணமில்லை. தாயின் நகை அடகுக் கடைக்குப் போகின்றது. அல்லது அதிக வட்டிக்குக் கடன் பிறக்கின்றது. இரண்டும் வாயாவிடத்து, பிள்ளை தான் விரும்பிய படிப்பை விட்டுக் கிடைத்ததைப் படிக்கின்றான். வறுமையின் கொடுமையால் இந்நிலை எய்துவோர் உளர். அவர்கள்பால் நான் குறை காணேன். ஆனால் நடுத்தர வருவாயுடைய குடும்பங்களும் இங்ஙனம் தவிப்பதற்குக் காரணம் யாது? குழந்தை பிறந்த நாளிலேயே இந்நாள் வரும் என்பது தெரிந்திருந்தும், இடையிலிருந்த பதினேழு ஆண்டுகளை வேலை வாங்காமல் விட்டமையே காரணம்.

காலம் செய்யும் வேலை

முதலிற் காலத்தின் கணக்கைப் பார்ப்போம். இன்று ஒரு கல்லூரியில் ஆண்டுச் செலவு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அச்செலவு ஆண்டுதோறும் நூற்றுக்கு 6 வீதம் உயருமாயின், 15 ஆண்டிற் சற்றேறக்குறைய 2,40,000 ரூபாயாகும். நான்காண்டுப் படிப்பிற்கு 10 லட்சத்திற்குச் சற்று மேலே வேண்டும். இதனைக் கேட்டு மலைக்க வேண்டா. விலையை உயர்த்துங் காலமே நம் முதலையும் உயர்த்த வல்லது.

ஒரு தந்தை ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் 12,000 ரூபாய், அஃதாவது மாதம் ஆயிரமாகச் சேர்ந்த தொகையை, நூற்றுக்கு 7.1 வட்டி வீதம் 15 ஆண்டு இட்டு வருவாராயின், அவர் இட்ட 1,80,000 ரூபாய் ஏறத்தாழ 3,25,000 ரூபாயாகும். அதே தந்தை, "குழந்தை சிறிது வளரட்டும்" என்று ஐந்தாண்டு தாழ்த்திப் பத்தாண்டு மட்டும் இடுவாராயின், கிடைப்பது ஏறத்தாழ 1,78,000 ரூபாயே. அவர் இடாமல் விட்டது 60,000. இறுதியில் இழந்ததோ 1,47,000. தாமதத்திற்கு நாம் கொடுக்கும் விலை இஃது.

மாதம் 3,000 ரூபாய் இட வல்லவர், மேற்கூறிய நான்காண்டுச் செலவைப் பெரும்பாலுந் தாமே தாங்குவர். ஆயிரமே இட வல்லவர், முதலாண்டுச் செலவையும் இரண்டாம் ஆண்டில் ஒரு பகுதியையும் தாங்குவர். அதுவும் சிறிதன்று; சேர்க்கை நாளிற் கடன்காரன் வாயிலில் நில்லாமற் காப்பது அத்தொகையேயாகும்.

எதில் இடுவது?

அடுத்து எழும் வினா, எதில் இடுவது என்பது. "எதில் வட்டி அதிகம்?" என்றே பலருங் கேட்கின்றனர். அதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று உள. பணம் வேண்டிய ஆண்டில் அது கைக்கு வருமா? இடையில் வேறு செலவிற்கு எடுக்க மனம் எழுந்தால் அது நம்மைத் தடுக்குமா? முதலுக்கு மோசமில்லையா? இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, நம்மவர் கையாளும் முறைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, பெண்மக்களுக்காக 2015ஆம் ஆண்டில் நடுவண் அரசு ஏற்படுத்திய செல்வமகள் சேமிப்புத் திட்டம். பத்து வயது நிரம்பாத பெண் குழந்தையின் பெயரால் அஞ்சலகத்திலோ பாங்கியிலோ தொடங்கலாம். ஆண்டிற்குக் குறைந்தது 250 ரூபாய், மிகுதி 1,50,000 ரூபாய். 15 ஆண்டு பணம் இட வேண்டும். தொடங்கிய நாளினின்று 21 ஆண்டில் முதிர்வு. வட்டி மும்மாதத்திற்கு ஒருமுறை அறிவிக்கப்பெறும். 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது நூற்றுக்கு 8.2 ஆக இருந்தது. ஒன்று கவனிக்க: பெண்ணுக்கு 18 வயதான பின்னரோ, அவள் பத்தாம் வகுப்புத் தேறிய பின்னரோ, உயர்கல்விக்காக முந்தைய நிதியாண்டின் இறுதியிலிருந்த தொகையிற் பாதி வரையே எடுக்கலாம். ஆகவே இதனை மட்டுமே நம்பியிருப்போர், பாதிப் பணமே படிப்பின்போது கைக்கு வரும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பொது வருங்கால வைப்பு நிதி. ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொது. நம் மாநில அஞ்சலகங்களில் ஆண் குழந்தைகளுக்காகப் பொன்மகன் என்னும் பெயரால் வழங்குவதும் இதுவே. ஆண்டிற்கு 500 ரூபாய் முதல் 1,50,000 ரூபாய் வரை இடலாம். தந்தை தம் பெயரில் இடுவதும் குழந்தையின் பெயரில் இடுவதுஞ் சேர்ந்தே இவ்வரம்பு. 2020 ஏப்ரலில் இதன் வட்டி 7.1 என விதிக்கப்பெற்றது. கணக்குத் தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து 15 ஆண்டிற் பணம் முதிரும். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தொடங்கினால், கல்லூரி வாயிலும் முதிர்வு நாளும் ஏறக்குறைய ஒன்றாக வரும். எட்டு வயதில் தொடங்கினால் இருபத்துமூன்று கடந்தே முதிரும். அப்போதும் வழியடைந்து விடவில்லை. ஏழாம் நிதியாண்டு முதல் ஒரு பகுதியை எடுக்கலாம். ஐந்து முழு ஆண்டு கழிந்த பின், உயர்கல்விக்காக வட்டியில் நூற்றுக்கு ஒன்று குறைத்துக்கொண்டு கணக்கையே முடித்துக்கொள்ளவும் விதி இடந்தருகின்றது. ஒரு நுட்பமும் உண்டு. மாதத்தின் ஐந்தாம் தேதி முடிவிற்கும் மாதக் கடைசிக்கும் இடையிலுள்ள குறைந்த இருப்பிற்கே வட்டி கணக்கிடப்பெறும். ஆதலால் ஐந்தாம் தேதிக்குள் இடுக.

மூன்றாவது, தங்கம். தங்கத்தின் விலை நம் காலத்தில் மிக உயர்ந்துள்ளது. அதனை மறுப்பார் இல்லை. ஆனால் நாம் வாங்குவது தங்கக் கட்டியன்று, நகை. செய்கூலி, சேதாரம், வரி ஆகியவற்றை வாங்கும்போது கொடுக்கின்றோம். விற்கும்போது அவை திரும்பி வருவதில்லை. இதனினும் பெரிய தடை வேறொன்று. கல்விக்கென்று வாங்கிய நகையைப் பெண்ணின் கழுத்திற் கண்டபின், அதனை விற்க எந்தத் தாய்க்கும் மனம் வருவதில்லை. விற்பதற்கு மாறாக அடகு வைத்து வட்டி கட்டுகின்றோம். ஆதலின் நகை நகையாகவே இருக்கட்டும். கல்விப் பணம் வேறாக இருக்கட்டும்.

நான்காவது, சீட்டு. நம் தாய்மார்களின் சேமிப்பிற் பெரும்பகுதி இதன் வழியே நடைபெறுகின்றது. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பெற்றதா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டு மூன்றாண்டுச் செலவுக்குச் சீட்டு உதவும். பதினைந்து ஆண்டுப் பயணத்திற்கு அது வாகனமாகாது. அளவிறந்த வட்டி தருவதாகக் கூறும் நிறுவனங்களின் பக்கமே செல்லற்க. 1990களில் நம் மாநிலத்தில் அத்தகைய நிதி நிறுவனங்கள் பல வீழ்ந்து, மக்கள் கண்ணீர் வடித்ததனாலன்றோ 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று?

ஐந்தாவது, பங்குகளில் முதலிடும் பரஸ்பர நிதிகள். நெடுங்காலத்தில் இவை வட்டியை விஞ்சி வளரக் கூடும். ஆனால் உறுதி இல்லை. 2008ஆம் ஆண்டில் மும்பைப் பங்குக் குறியீடு பாதிக்குங் கீழே இறங்கியது. அவ்வாண்டிற் கல்லூரிக் கட்டணஞ் செலுத்த வேண்டியிருந்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள். இவ்வழியிற் செல்ல விரும்புவோர், குழந்தை சிறிதாயிருக்கும்போது, தம் சேமிப்பில் ஒரு பகுதியை மட்டும் இடுக. கல்லூரிக்கு மூன்றாண்டு இருக்கும்போதே அதனை வைப்புத் தொகையாக மாற்றுக.

பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகிவிட்டதே என்று வருந்துவோர்க்கும் ஒரு சொல். அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு உள்ளது, பாங்கிகளிலும் உண்டு. பாங்கி வைப்பிற்கு, ஒரு பாங்கியில் ஒருவர்க்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என 2020இல் வரம்பு உயர்த்தப்பெற்றது. இன்றே தொடங்குக.

ஆயுள் காப்பைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். குழந்தையின் பெயரால் காப்புப் பத்திரம் எடுக்கப் பலர் விரைகின்றனர். குடும்பத்தின் வருவாய் குழந்தையினுடையதன்று, சம்பாதிப்பவருடையது. அவர் இல்லாமற் போனால் சேமிப்பே நின்றுவிடும். ஆதலின் சம்பாதிக்குந் தாய் தந்தையர் பெயரிலேயே காப்பு இருத்தல் வேண்டும். காப்பு வேறு, சேமிப்பு வேறு என்று பிரித்தறிதல் நன்று.

பெண்மக்களின் பங்கு

இனி, என் உள்ளத்தை உறுத்துவதொன்றை வெளிப்படையாகக் கூறுகின்றேன், பெரியோர் பொறுத்தருள்க. நம் இல்லங்களில் மகன் பெயரால் பணமும், மகள் பெயரால் நகையும் சேர்கின்றன. மகனுக்குச் சேர்த்தது படிப்பாக மாறுகின்றது. மகளுக்குச் சேர்த்தது திருமணப் பந்தலில் ஒருநாள் விளங்குகின்றது. எங்கள் வகுப்புகளில் முன்வரிசையில் அமர்ந்து நன்கு பயிலும் பெண்கள் பலர், "தம்பிக்குக் கட்டணங் கட்ட வேண்டும், நீ அருகிலுள்ள கல்லூரியிற் சேர்" என்னும் ஒரு சொல்லோடு தம் விருப்பத்தை மடித்து வைக்கின்றனர். ஒரு குடும்பத்தில் இரு மக்கள் இருந்தால் இரண்டு கணக்குகள் இருக்கட்டும். இரண்டிலும் இடுந் தொகை சமமாக இருக்கட்டும். செல்வமகள் கணக்கைத் தொடங்கிவிட்டு, அப்பணத்தைத் திருமணத்திற்கென்றே மனத்தில் ஒதுக்கி வைப்பதும் அக்கணக்கின் முதல் நோக்கத்தை மறத்தலேயாம்.

அரசின் துணையும் கடனும்

அரசு தரும் துணையையும் அறிந்திருங்கள். குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010இல் ஏற்பட்டது. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலுந் தொடங்கப்பெற்றன. சேர்க்கைக் காலத்தில் நடப்பிலுள்ள விதிகளைப் பள்ளியிலேயே கேட்டு அறிந்துகொள்க. சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வைக்க.

பாங்கிகள் தருங் கல்விக் கடனையும் நான் இகழேன். படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கிடைக்கின்றது. ஆயின் அக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அச்சுமை முதற் சம்பளம் வாங்கும் பிள்ளையின் தோளில் ஏறும். சேமிப்பு முக்காற் பங்கும் கடன் காற்பங்குமாயின் அத்தோள் தாங்கும். முழுவதும் கடனாயின் வளையும்.

சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் நாட்டு வணிகர் பலர் முற்காலத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிகள் கண்டனர். ஒருவர் கொடுத்தது சிறிது, சேர்ந்தது பெரிது. அம்முறையை நம் இல்லங்களுக்குங் கொண்டு வரலாம். குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழாவிலும் காதணி விழாவிலும் மாமன்மாரும் உறவினரும் கொண்டுவரும் மோதிரத்திற்கும் வெள்ளிப் பாத்திரத்திற்கும் மாற்றாக, அக்குழந்தையின் கணக்கிற் பணமாக இடும் வழக்கத்தை நாம் தொடங்குவோம். விழாச் செலவிற் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து அக்கணக்கிற் சேர்ப்போம். சங்க அலுவலகத்தில் மாதம் ஒருநாள், விண்ணப்பத் தாள்களை நிரப்ப அறியாத தாய்மார்களுக்கு உதவி செய்ய இளைஞர் இருவர் அமரட்டும். அவர்களோடு யானும் அமர்வேன் என்று இச்சபையில் வாக்களிக்கின்றேன்.

வீட்டையும் நிலத்தையும் நம் மக்கள் பங்கிட்டுக்கொள்வர். பங்கிடப் பங்கிட அவை குறையும். கல்வி அங்ஙனங் குறைவதன்று. அதனை அவர்களுக்கு அளிக்கும் ஆற்றல், இம்மாதம் ஐந்தாம் தேதிக்குள் நாம் இடும் சிறு தொகையில் உள்ளது.