மோவாபிய மருமகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் சமயச் சொற்பொழிவு செய்வது நம் சங்கத்தின் வழக்கமன்று. காலனியிலுள்ள கிறித்தவக் குடும்பங்களின் சார்பில் சில சொற்கள் கூறுமாறு செயற்குழுவினர் பணித்தமையால், விவிலியத்திலிருந்து ஒரு குடும்பக் கதையை எடுத்துக்கொள்கிறோம். பிற சமயத்து நண்பர்களுக்கும் அது அயலாகத் தோன்றாது. பிழைப்பை நாடி ஊரைவிட்டுச் சென்றவர்களின் கதை அது.

பெத்லகேமில் பஞ்சம் உண்டாயிற்று. எலிமெலேக்கு என்பவர் தம் மனைவி நகோமியையும் இரு புதல்வர்களையும் அழைத்துக்கொண்டு மோவாப் நாட்டில் குடியேறினார். சென்ற இடத்தில் அவர் இறந்தார். பிள்ளைகள் அந்நாட்டுப் பெண்களையே மணந்தனர். சுமார் பத்தாண்டுகளில் பிள்ளைகள் இருவரும் மாண்டனர். நகோமி ஊர் திரும்பப் புறப்பட்டு, மருமக்கள் இருவரையும் தத்தம் தாய்வீட்டுக்குப் போகச் சொன்னாள். ஒர்பாள் அழுது விடைபெற்றாள். ரூத் மாமியாரை விட்டகலவில்லை. பெத்லகேமில் அது வாற்கோதுமை அறுவடைக் காலம். அறுப்போர் விட்டுச்சென்ற கதிர்களைப் பொறுக்கி, அம்மருமகள் மாமியாருக்கு உணவளித்தாள். பின்னர் நிலக்கிழாராகிய போவாஸ் அவளை மணந்தார். அவர்கள் மகன் ஓபேத். ஓபேத்தின் பேரனே தாவீது அரசன்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் விதிக்கிறது. அவ்விதி இருக்கும் அதே திருமறையில் ரூத்தின் கதையும் இடம்பெற்றிருக்கிறது. மத்தேயு, இயேசுவின் வமிச வரலாற்றை எழுதுமிடத்து, பெரும்பாலும் ஆடவர் பெயர்களே நிரம்பிய அப்பட்டியலில் ரூத்தின் பெயரையும் சேர்க்கிறார். விட்டுவிட்டிருந்தால் எவரும் கேட்டிருக்கப் போவதில்லை. நம் குடும்பங்களில் வமிசாவளி எழுத நேர்ந்தால் எவர் பெயர்களை விட்டு எழுதுவோம் என்பதை நாம் அறியாதவர்களல்லோம்.

இத்தகைய மூதாட்டியைப் பெற்ற சமயத்தார், மணவினையிலேனும் இனம் பாராதிருந்திருக்க வேண்டும் அன்றோ? அமெரிக்க நாட்டில் நிகழ்ந்ததைப் பாருங்கள். ரிச்சர்ட் லவிங் வெள்ளையர், மில்ட்ரெட் வெள்ளையரல்லாதார். வர்ஜீனியா மாநிலத்துச் சிற்றூரில் அண்டை அயலாக வளர்ந்த இருவரும் 1958 சூனில் வாஷிங்டன் சென்று மணம் புரிந்துகொண்டனர். சில வாரங்களுக்குள் நள்ளிரவில் காவலர் படுக்கையறைக்குள்ளேயே புகுந்து அவர்களைக் கைது செய்தனர். சுவரில் மாட்டியிருந்த மணச்சான்றிதழ் அங்குச் செல்லாதாம்! ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டு, 25 ஆண்டுகள் இருவரும் ஒருங்கே அம்மாநிலத்தில் கால்வைக்கலாகாது என்ற நிபந்தனையின்பேரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. நகர வாழ்வு மில்ட்ரெடுக்கு ஒட்டவில்லை. ஊரும் உறவும் அவரை இழுத்தன. 1963இல் அவர் நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்தே வழக்கு வளர்ந்தது.

அவ்வழக்கில் கீழ் நீதிமன்ற நீதிபதி 1965இல் எழுதியது வியப்புக்குரியது. எல்லாம் வல்ல இறைவன் இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்தமையால், அவை கலப்பது அவன் திருவுளமன்று என்றார் அவர். அக்கண்டங்களினின்று கப்பலேறிப் புறப்பட்டவர் யார், விலங்கிட்டுக் கொணரப்பட்டவர் யார் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்! 1967 சூன் 12ஆம் நாள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாக அச்சட்டத்தைத் தள்ளினர். அந்நாளில் 16 மாநிலங்களில் அத்தகைய சட்டம் நடைமுறையில் இருந்தது.

அந்நாட்டின் மார்ட்டின் லூதர் கிங், ஞாயிறு காலை 11 மணியே கிறித்தவ அமெரிக்கா மிகவும் பிரிந்து நிற்கும் வேளை என்று வருந்தினார். அவர் 1959இல் நம் நாட்டுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில், தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பயின்ற பள்ளியொன்றில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டாதார் ஒருவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினாராம். முதலில் சற்றே மனம் சுளித்ததாகவும், பின்னர் தம் மக்கள் நிலையை எண்ணி, ஆம், யாமும் தீண்டாதாரே என்று உணர்ந்ததாகவும் 1965இல் தம் தேவாலயத்தில் ஆற்றிய அருளுரையில் அவரே கூறினார்.

அப்பெயர் அவருக்குக் கிடைத்தது நம் மண்ணில். ஆதலின் அமெரிக்கரை மட்டும் பழித்துவிட்டு நாம் அமர்ந்துவிட இயலாது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயிலில் பீடம் ஒன்று; மக்கள் நிற்கும் கூடங்கள் இரண்டு; இடையே தடுப்பு. மேற்சாதியினர் எனத் தம்மைக் கருதியோர் ஒருபுறமும் ஏனையோர் மறுபுறமும் நின்று ஒரே பூசை கண்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பு அகற்றப்பட்டபோது, அதனை மீண்டும் எழுப்ப வேண்டுமென்று வழக்கிட்டவர்களும் கிறித்தவர்களே. சென்னை உயர்நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை.

கோயிலில் சுவர் போயிற்று. பெண் கொடுக்கும்போது, பெண் எடுக்கும்போது அது எழும்புகிறது. கிறித்தவ மணமக்கள் தேவை என்னும் விளம்பரங்களில் சபையின் பெயருக்கு அடுத்து உட்பிரிவின் பெயரும் வருவதை நாம் காண்கிறோம். ஞானஸ்நானத்தில் கரையாதது அது ஒன்றே போலும். பிற சமயத்தாரைப் பற்றி நாம் சொல்லவேண்டுவதில்லை. அவரவர் வீட்டுக் கணக்கு அவரவர்க்குத் தெரியும்.

இக்காலனிக்கு வருவோம். வெளியே நாம் எல்லோரும் ‘மதராசி’கள். அப்பெயரால் அழைக்கப்படும்போது நமக்குச் சினம் மூளுகிறது. ஆனால் நம் பிள்ளைகள் உடன் பயின்றோரையும் உடன் பணிபுரிவோரையும் மணந்து, இவ்வூர்ப் பெண்கள் நம் மருமக்களாக வந்திருக்கிறார்கள். அவர்களை நாம் எவ்வாறு குறிப்பிடுகிறோம்? ‘இன்னார் வீட்டு இந்திக்காரி’ என்றே இன்றும் சொல்கிறோம். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டாளா என்று மாமியாரை விசாரிக்கிறோம். அவள் தாய்வீட்டுப் பண்டம் ஒன்றைச் சமைக்கச் சொல்லி உண்ட வீடுகள் சிலவே.

ரூத்தின் கதையை ஊன்றிப் படிப்போருக்கு ஒன்று புலப்படும். பெத்லகேமுக்கு வந்த நாள்முதல் அவள் பெயரோடு ‘மோவாபிய’ என்னும் அடைமொழி மீண்டும் மீண்டும் ஒட்டிவருகிறது. அவள் பொறுக்கிய கதிரை உண்ட ஊரிலும் அது நீங்கவில்லை. ஊர்வாசலில், பெரியோர் முன்னிலையில் போவாஸ் அவளை மணக்க உறுதி கூறும்போது கடைசியாக ஒருமுறை வருகிறது. அதன் பிறகு அந்நூலில் அவள் வெறும் ரூத். ஏழு புதல்வரினும் மேலான மருமகள் என்று ஊர்ப் பெண்கள் நகோமியிடம் புகழ்வதும் அதன் பிறகே.

நம் சங்க விதிகளின்படி, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் மட்டுமே உறுப்பினராகலாம். ஆகவே இம்மண்டபத்தின் பின்வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மருமக்கள் சிலர், பத்தும் பதினைந்தும் ஆண்டுகளாகப் பொங்கல் விழாவில் நம்மோடு கோலமிட்டும் பந்தி பரிமாறியும் வருகின்ற போதிலும், பதிவேட்டில் பெயரின்றி இருக்கிறார்கள். மணவுறவால் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தோரும் உறுப்பினராகலாம் என்று அவ்விதியைத் திருத்தும் தீர்மானத்தை, வரும் பொதுக்குழுவில் கிறித்தவக் குடும்பங்களாகிய நாங்கள் முன்மொழிய இருக்கிறோம். வழிமொழிய விரும்புவோர், இவ்விழா முடிந்து பந்தி அமர்வதற்கு முன், செயலாளர் அவர்களிடம் பெயரைக் கொடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.