பச்சைப் புள்ளிக்குக் கீழே

(மும்பைக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆரோக்ய உணவைப் பற்றிப் பேச வேண்டும் என்று நம் காரியதரிசி கேட்டுக்கொண்டார். எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல இப்போது ஆள் பஞ்சமே இல்லை. டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் வாட்ஸ்அப்பில் நாலு வைத்தியம் வந்துவிடுகிறது. அதனால் நான் வேறு பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். "இது உடம்புக்கு நல்லது" என்று நம்பி நாம் வாங்கி வைத்திருக்கும் பண்டங்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் வந்த நம்மவர்கள், முக்கியமாக அறுபதைத் தாண்டிய மாமாக்கள், ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "ஸ்வீட்டைத் தொடறதே இல்லை. ராத்திரி சப்பாத்திதான். ஹோட்டல் சாப்பாடு கிடையவே கிடையாது. அப்படியும் ஷுகர் இறங்கமாட்டேங்கறது." அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க வாயில் போட்டதை எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்புவேன். கார்த்தாலே காபியோடு நாலு மேரி பிஸ்கட், பதினோரு மணிக்கு ஷுகர்-ஃப்ரீ பிஸ்கட் மூன்று, சாயந்திரம் மல்டிகிரெய்ன் மிக்ஸ்சர் ஒரு கிண்ணம், படுக்கப் போகும்முன் பாலில் ஏதோ ஒரு பவுடர். "எல்லாம் நான் பார்த்துப் பார்த்து வாங்கினதுதான்" என்பார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமி. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடும். அதைப் பார்ப்பதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம்.

விஷயம் விளையாட்டில்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நம் தேசத்தில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். நம் குடும்பங்களில் கணக்கெடுத்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நம் பாட்டிமார்கள் ரயிலில் போனால்கூட புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு, கூஜாவில் ஜலம் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். இன்றைக்கு நாம் வெளியே போய்ச் சாப்பிடாவிட்டாலும், வெளிச் சாப்பாடு பொட்டலமாகச் சமையலறை அலமாரிக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் நம்மிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் பச்சைப் புள்ளி இருக்கிறதா, முட்டை கிட்டை கலந்திருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்போம். புள்ளி இருந்தால் பரம திருப்தி, பாக்கெட் கூடைக்குள் போய்விடும். பச்சைப் புள்ளி சொல்வது வெஜிடேரியன் என்ற ஒன்றை மட்டும்தான். மைதாவும் பாமாயிலும் சர்க்கரையும்கூட சுத்த வெஜிடேரியன்தான்! எப்படியும் கண்ணாடியைப் போட்டுவிட்டீர்கள், கழற்றுவதற்கு முன் புள்ளிக்குக் கீழே இன்னும் நாலு வரி படியுங்கள் என்பதுதான் என் விண்ணப்பம்.

அந்த நாலு வரியில் முக்கியமானது சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். 'ராகி பிஸ்கட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பின்னால் பார்த்தால் மைதா முதலில், சர்க்கரை அடுத்தது, எண்ணெய் மூன்றாவது, ராகி எங்கேயோ கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும். பெயரில் பெருமையாகச் சொல்லும் சாமான் எத்தனை சதவீதம் என்றும் பட்டியலில் போட்டாக வேண்டும். 2023 சர்வதேச சிறுதானிய வருஷமாகக் கொண்டாடப்பட்டதிலிருந்து தினை, சாமை, வரகு எல்லாம் நூடுல்ஸ் வரைக்கும் வந்துவிட்டன. வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சதவீதத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஊட்டச்சத்துக் கணக்கு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் '100 கிராமுக்கு' என்ற வரிசையைப் பாருங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற வரிசையில் எண்கள் சின்னதாக, அழகாக இருக்கும். ஒரு பரிமாறல் என்பது இரண்டு பிஸ்கட் என்று அவர்கள் தீர்மானித்திருப்பார்கள். இரண்டோடு நிறுத்துகிறவர் யார்?

ஷுகர்-ஃப்ரீ என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பிஸ்கட் கம்பெனி அந்த விதியைச் சரியாகவே அனுசரிக்கலாம். ஆனால் மைதா? அது வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகத்தானே மாறப் போகிறது! 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று கடலை எண்ணெய்ப் பாக்கெட்டில் போடுவதும் இதே ஜாதி. செடியில் விளைகிற எந்த எண்ணெயிலும் பேசும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. அது மிருகங்களிடமிருந்து வருகிற பொருள்களில்தான் உண்டு. இதைப் படித்துவிட்டு, "இந்த எண்ணெய் நல்லதாம்" என்று இன்னும் ஒரு கரண்டி தாராளமாக ஊற்றுகிறோம். பிரவுன் பிரெட் வாங்குகிறவர்கள் பட்டியலில் 150 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். அது காரமெல் நிறம். மைதா ரொட்டிக்குக் கோதுமை வேஷம் போடவும் அந்த நிறம் உதவும். அதனால் நிறத்தை நம்பாமல், முழுக் கோதுமை எத்தனை சதவீதம் என்று படியுங்கள்.

மேரி பிஸ்கட் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இது பிஸ்கட் இல்லை, மருந்து. ஜுரம் வந்தால் மேரி, ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் மேரி. 1874-ல் இங்கிலாந்து ராஜகுமாரனைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ரஷ்ய இளவரசி மரியாவின் நினைவாக லண்டனில் ஒரு கம்பெனி செய்த கல்யாண பிஸ்கட் அது. கல்யாண பட்சணம் நம்மிடம் வந்து பத்தியமாகிவிட்டது! 100 கிராமில் சுமார் 20 கிராம் சர்க்கரை, மீதி பெரும்பாலும் மைதா. 'டைஜஸ்டிவ்' என்ற பெயரும் இப்படித்தான். அதில் போடும் சோடா உப்பு ஜீரணத்துக்கு நல்லது என்று 19-ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள், பெயர் நின்றுவிட்டது.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சை வந்தால் பேரனுக்குப் பாலில் மால்ட் பவுடர் கலந்து கொடுக்காத தாத்தா பாட்டி உண்டா? இவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும் வகைகளும் உண்டு. 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் கிடையாது. 2024 ஏப்ரலில் இணையக் கடைகள் அந்தத் தலைப்பின் கீழ் இந்தப் பானங்களை விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. அதே வருஷம் ஜூனில், அடர்சாற்றில் தண்ணீர் கலந்து செய்யும் பானங்களுக்கு '100 சதவீதம் பழச்சாறு' என்று போடுவதை எடுக்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது. 'ஃப்ரூட் டிரிங்க்' என்று விற்பதில் பழச்சாறு பத்து சதவீதம் இருந்தாலே விதிப்படி போதும். மீதி தண்ணீரும் சர்க்கரையும்.

இதையெல்லாம்விட எனக்கு மனதை உறுத்திய சமாசாரம் ஓ.ஆர்.எஸ். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு, பழ வாசனையோடு அட்டைப் பெட்டியில் இருந்த பானத்தை வாங்கிக் கொடுத்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், அதோடு அளவான உப்புகள். அந்த அளவில் இருந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைப் பெட்டிகளில் இதைப்போல் பல மடங்கு சர்க்கரை இருந்தது. சர்க்கரை அதிகமானால் குடலுக்குள் தண்ணீர் வந்து பேதி இன்னும் அதிகமாகலாம். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்காக இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில்தான், அந்தச் சூத்திரப்படி இல்லாத எந்தப் பானமும் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் போடக் கூடாது என்று ஆணையம் உத்தரவு போட்டது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று எழுதியிருக்கும் பொடியை வாங்கி, அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். வாசனை இருக்காது. விலையும் குறைவு.

கம்பெனிக்காரர்களையே திட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கெல்லாம் சந்தோஷமாக இருக்கும். அட்டைப்பெட்டி இல்லாமலே நாமே நமக்குச் செய்துகொள்ளும் விளம்பரங்களும் இருக்கின்றன.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன். "நான் ஜீனியே போடறதில்லை, வெல்லக் காபிதான்." வெல்லத்திலும் பெரும்பங்கு சர்க்கரைதான். 100 கிராமுக்கு வெள்ளைச் சர்க்கரை 400 கலோரி என்றால் வெல்லம் 380. இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு, ஆனால் அதற்காக வெல்லம் சாப்பிடுவதென்றால் அளவு எங்கேயோ போய்விடும். அக்காரவடிசல் பண்ணாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பண்டிகைக்கு ஒரு கிண்ணம் சாப்பிடுவது வேறு, தினமும் மூன்று வேளை காபியில் போட்டுக்கொள்வது வேறு. இந்துப்பும் அப்படித்தான். அதிலும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், ஆனால் அயோடின் சேர்க்கப்பட்டிருக்காது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

பலகாரம் என்று ஒன்று வைத்திருக்கிறோமே! ஏகாதசி, அமாவாசை, சனிக்கிழமை ராத்திரி. சாதம் கிடையாது என்று எண்ணெய் மினுமினுக்க ரவா உப்புமா, மூன்று தோசை, இல்லாவிட்டால் இந்த ஊர்ப் பழக்கத்தில் ஜவ்வரிசிக் கிச்சடி. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. அதில் வேறு சத்து தேடினாலும் கிடைக்காது. விரதத்தின் பலன் பகவானுக்குத் தெரியும், சர்க்கரை மீட்டருக்குத் தெரிவது வேறு கணக்கு.

அப்புறம் சப்பாத்தி. சாதத்தை விட்டுச் சப்பாத்திக்குப் போனதைப் பெரிய தியாகமாக நினைக்கிறோம். 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான், 350 ஒன்று, 340 ஒன்று. கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், அந்த லாபம் உண்மை. நாலு சப்பாத்தி, மேலே நெய், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு என்றால் அந்த லாபம் போன இடம் தெரியாது. 2025-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு ஒன்று இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று ஆளை மட்டும் மாற்றினால் சர்க்கரை வியாதியின் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை, மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பையோ பாலையோ வைத்தால்தான் குறைகிறது என்பது அதன் சாரம்.

ஆக, தட்டில் இடம் மாற வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, பயறு வகை 85 கிராம், காய்கறி, கீரை 400 கிராம், எண்ணெய் நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். நாலு பேர் குடும்பத்துக்குப் பருப்பு 340 கிராம், அதாவது இரண்டு ஆழாக்குக்கு மேல். நம் வீட்டில் சாம்பாருக்குப் போடுவது அரை ஆழாக்கு! மாமிசம் சாப்பிடாத நமக்கு இதுதான் பெரிய ஓட்டை. பொட்டலப் புரதப் பவுடருக்கு ஓடுவதற்கு முன் பருப்புசிலி, பயத்தம்பருப்புக் கூட்டு, அடை, சுண்டல் என்று நம்மிடமே இருப்பதைப் பாருங்கள். சுண்டல் ஏன் நவராத்திரியோடு பரணுக்குப் போக வேண்டும்? எண்ணெய்க்கு நான் சொல்லும் வழி, மாதக் கணக்கு. நாலு பேருக்கு நெய்யும் சேர்த்து மூன்றரை லிட்டர். முதல் தேதி அளந்து வைத்துவிடுங்கள். இருபதாம் தேதி தீர்ந்துபோனால் எங்கே போயிற்று என்று வீடே உட்கார்ந்து யோசிக்கட்டும்.

மாற்றத்தை அறிவிப்புப் பண்ணிச் செய்யாதீர்கள். "இன்றையிலிருந்து இந்த ஆத்தில் அரிசி கிடையாது" என்று மாட்டுப்பெண் ஒரு நாள் சொன்னால் மாமியாருக்குக் கோபம் வரும், மாமாவுக்குத் திருட்டுத்தனம் வரும். சாதம் எடுக்கும் கரண்டியைச் சின்னதாக மாற்றுங்கள். இலையில் பண்ணுவது போல் தட்டிலும் காயையும் கூட்டையும் முதலில் பரிமாறுங்கள், சாதம் அப்புறம் வரட்டும். சாம்பாரில் தான் போட்டுக் காயைக் கூட்டுங்கள். வாசற்கதவைத் திறந்ததும் பசி என்று வரும் குழந்தைக்கு வேர்க்கடலையும் பழமும் கண்ணில் படும்படி இருக்கட்டும். பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைப்பதில் பிரயோஜனமில்லை, கண்டுபிடித்துவிடும். வாங்காமல் இருப்பதுதான் வழி. சிறுநீரக உபத்திரவம் இருப்பவர்களும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் மட்டும் பருப்பைக் கூட்டவோ சாதத்தைக் குறைக்கவோ டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வெளியூர்க் கிளை அங்கத்தினர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் கூட்டத்திலும் ஒரு காரியம் பண்ணிப் பார்க்கலாம். இங்கே அடுத்த மாதம் பண்ணப் போகிறோம். ஆளுக்கு ஒரு பாக்கெட், 'இது நல்லது' என்று நிச்சயமாக நம்புவதைக் கொண்டு வாருங்கள். முன்பக்கத்தை ஒருவர் உரக்கப் படிக்க, பின்பக்கத்தை இன்னொருவர் படிப்பார். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள், சின்ன எழுத்து அவர்களுக்குத்தான் கண்ணாடி இல்லாமல் தெரியும். கூட்டம் முடிந்ததும் கொண்டைக்கடலைச் சுண்டல் உண்டு என்று காரியதரிசி ஒப்புக்கொண்டிருக்கிறார்.