ஏடும் திரையும்



தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நம் இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு வழக்கு நடைபெற்று வருகிறது. நூலை அச்சில் படிப்பதா, திரையில் படிப்பதா என்பதே அவ்வழக்கு. என் இல்லத்திலும் அது உண்டு. தில்லியில் பிறந்து வளர்ந்து, பதினோராம் வகுப்பில் பயிலும் என் மகளே பிரதிவாதி.

"கைப்பேசியில் படிப்பது படிப்பே அன்று" என்று நான் தீர்ப்புக் கூறி வந்தேன். அதற்கு ஆதாரமும் வைத்திருந்தேன். 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை ஸ்பெயின், இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் ஒருங்கே ஆராய்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். அவ்வாய்வுகளில் பங்கு கொண்டோர் 1,70,000 பேருக்கு மேற்பட்டவர். செய்திகளைக் கூறும் பாடங்களை, அதிலும் குறித்த நேரத்துக்குள் படிக்கும்போது, காகிதத்தில் படித்தோரே நன்கு விளங்கிக்கொண்டனர். கதை படிப்பதில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. இப்பிற்பகுதியை மட்டும் நான் வசதியாக மறந்துவிட்டேன்.

ஒரு நாள் இரவு வெகுநேரமாகியும் மகளின் அறையில் வெளிச்சம் தெரிந்தது. கடிந்துகொள்ளும் எண்ணத்துடன் உள்ளே சென்றேன். அவள் கையில் கைப்பேசி; அதில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'! 1998 முதல் தன்னார்வத் தொண்டர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டத்தின் இலவச மின்பதிப்பு அது.

"இந்நூல் நம் அலமாரியிலேயே இருக்கிறதே, அம்மா?" என்றேன்.

"அதில் எழுத்து பொடியாக இருக்கிறது, அப்பா. இதில் பெரிதாக்கிக்கொண்டு, மெல்ல எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்" என்றாள்.

நான் நாணினேன். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் அவளுக்கு, தமிழ் நூல்களை வாங்கி அடுக்கினேனே அன்றி, ஒரு நாளேனும் அருகில் அமர்ந்து படித்துக் காட்டியதில்லை. நான் செய்யாததை அந்தச் சிறு திரை செய்துகொண்டிருந்தது.

அன்றே வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டோம். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பினும், தேர்வுக்குரிய பாடத்தை அச்சு நூலில், கையில் பென்சிலுடன் படிப்பது. மனம் விரும்பும் கதையை எதில் வேண்டுமாயினும் படிப்பது. உறக்க வேளை வந்ததும் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிடுவது.

இப்போது இரவு உணவுக்குப் பின், அலமாரியிலிருந்த அப்பழைய பிரதியை நான் உரக்கப் படிக்கிறேன். அவள் திரையில் தொடர்ந்து வருகிறாள். நான் அயர்ந்து நிறுத்தினால் அடுத்த வரியை அவள் படிக்கிறாள். சில நாட்களாக அவ்வளவாக எழுத்துக் கூட்டுவதில்லை.

உங்கள் இல்லத்திலும் இவ்வழக்கு இருக்குமாயின், தீர்ப்புக் கூறுமுன் பிள்ளை என்ன படிக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.