மாம்பலம் ஏரியும் வருண பகவானும்



நாம் கூடியிருக்கும் இந்தத் தியாகராய நகரின் பெரும்பாகம் நூறு வருஷத்துக்கு முன் ஊரல்ல, ஏரி. நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரையில் கிடந்த நீண்ட ஏரி. 1923-ல் அதன் தண்ணீரை வடித்து, மனை பிரித்து, வீதி போட ஆரம்பித்தார்கள். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் வந்தது. வயலையும் வானத்தையும் பார்த்திருந்த மாம்பலம், கடிகாரத்தைப் பார்த்து ஆபீசுக்கு ஓடும் மாம்பலமாயிற்று. ரயில் பெட்டியில் எல்லா ஜாதியாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனதில் எவருக்கும் யாதொரு தோஷமும் வந்துவிடவில்லை.

இவ்வளவும் மனிதன் செய்தது. எந்தச் சாமியிடமும் உத்தரவு கேட்கவில்லை. ஆனால் 2015-லும் 2021-லும் இங்கு வெள்ளம் புகுந்ததற்கு மாத்திரம் வருண பகவான் கோபம் காரணமாம்! மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் எங்கே? தண்ணீர் பள்ளத்தைத் தேடி வருகிறது. அதற்குக் கோபமுமில்லை, கருணையுமில்லை.

வீடு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மழை வேண்டி யாகம், மழை நிற்கச் சாந்தி என்று காசைக் கரியாக்காதீர்கள் என்கிறோம். மாம்பலம் கால்வாயைத் தூர் வாரும்படி மாநகராட்சியைக் கேளுங்கள். மிஞ்சிய ஏரிகளையாவது காப்பாற்றுங்கள். ஏரியைத் தூர்த்தவன் மனிதன். பரிகாரம் தேட வேண்டியவனும் மனிதனே!