எண்ணிக்கை ஒன்றா, இனம் ஒன்றா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்றார் செயலாளர் அண்ணன். ஆய்வகங்களில் நுண்ணோக்கிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. லென்ஸ், மோட்டார் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் இப்பவே பந்திக்குக் கிளம்பிடுவீங்க. அதனால் லென்ஸுக்குக் கீழே நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூஞ்சூறு! எஞ்சினியருக்கு விலங்கியல் எதற்கு என்கிறீர்களா? தான் போக வழியில்லாத மூஞ்சூறு விளக்குமாற்றையும் கவ்விக்கொண்டு போனதாம். அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. பிள்ளையாரைச் சுமந்தாலும், மூஞ்சூறு எலி இல்லை. எலி கொறிக்கும் விலங்கு. மூஞ்சூறு பூச்சி தின்னி. முள்ளெலிக்குத்தான் அது உறவு. மூஞ்சூறுகளைப் பிரித்தறிய விலங்கியலார் முதலில் வாயைத்தான் திறந்து பார்ப்பார்கள். மேல்தாடையில், முன்பல்லுக்குப் பின்னால், ஒற்றை முனைச் சிறு பற்கள் ஒரு பக்கத்துக்கு எத்தனை? நம் வீட்டு மூஞ்சூறான 'சன்கஸ்' வகைக்கு நான்கு. 'குரோசிடியூரா' வகைக்கு மூன்று. ஐரோப்பாவின் 'சோரெக்ஸ்' வகைக்கு ஐந்து. அதன் பல் நுனி இரும்புச் சத்தால் சிவந்திருக்கும், ஏதோ வெற்றிலை போட்ட மாதிரி.

பேரினம் வரைக்கும் பல் சொல்லிவிடும். அதற்குள்ளே சிற்றினம் என்று வரும்போதுதான் தகராறு. நிறம், வால் நீளம், எடை எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்.

அங்கேதான் குரோமோசோம் உதவிக்கு வருகிறது. எலும்பு மச்சைச் செல்களைக் கோல்ச்சிசின் மருந்தால் பிரிவின் நடுவில் நிறுத்துவார்கள். நீர்த்த உப்புக் கரைசலில் ஊற வைத்து உப்ப விடுவார்கள். மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டு விட்டு, ஜீம்சா சாயம் ஏற்றுவார்கள். அப்புறம் எண்ண வேண்டியதுதான். முன்பெல்லாம் போட்டோ எடுத்து, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி சேர்த்து ஒட்டினார்கள். இன்றைக்கு அதைக் கணினி செய்கிறது.

எண்ணினால் முடிந்ததா? இல்லை! 'சோரெக்ஸ் அரேனியஸ்' என்ற ஐரோப்பிய மூஞ்சூறைப் பாருங்கள். இடத்துக்கு இடம் அதன் குரோமோசோம் எண்ணிக்கை 20 முதல் 33 வரை மாறுகிறது. ஆணுக்குப் பெண்ணை விட ஒன்று அதிகம், ஏனென்றால் அதற்கு ஒரு எக்ஸ், இரண்டு ஒய். 70-க்கும் மேற்பட்ட குரோமோசோம் பிரிவுகளைக் கண்டிருக்கிறார்கள். இருந்தும் அத்தனையும் ஒரே சிற்றினம்தான். காரணம், நம்ம பாஷையில் சொன்னால், கப்ளிங். இரண்டு ரயில் பெட்டிகளை இணைத்தால் வண்டி ஒன்றாகிறது, உள்ளே சரக்கு குறைவதில்லை. அதே மாதிரி இரண்டு ஒற்றைக்கை குரோமோசோம்கள் ஒட்டி ஒரு இரட்டைக்கை குரோமோசோம் ஆகின்றன. 1916-ல் வெட்டுக்கிளிகளில் இதை விவரித்த ராபர்ட்சன் பெயரால் இதை 'ராபர்ட்சோனியன் இணைப்பு' என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அருகே இப்படிப்பட்ட இரண்டு பிரிவுகள் சந்திக்கின்றன. கலந்து குட்டியும் போடுகின்றன.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. சுவிட்சர்லாந்தில் 1960-களில் மெய்லான் என்பவர் குரோமோசோம்களைப் பார்த்தபோது, அரேனியஸ் என்று நினைத்தவற்றுக்குள் இன்னொன்று ஒளிந்திருந்தது. அதுதான் 'சோரெக்ஸ் கொரொனேட்டஸ்'. பெண்ணுக்கு 22, ஆணுக்கு 23. கவனிச்சீங்களா? அந்த எண் அரேனியஸின் வரம்புக்குள்ளேயே வருகிறது! எண்ணிக்கை காட்டிக் கொடுக்கவில்லை. எந்தக் கை எதோடு ஒட்டியிருக்கிறது என்ற அமைப்புதான் காட்டிக் கொடுத்தது. வெளித் தோற்றத்தில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். ஆனால் கீழ்த்தாடையின் பல அளவுகளைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால் பெரும்பாலும் பிரிந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. குரோமோசோம் சுட்டிக்காட்டிய பிறகு அதே எலும்பை அளந்தார்கள், அதே எலும்பு வேறு பதில் சொன்னது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஜப்பானில் வீட்டு மூஞ்சூறுக்குக் குரோமோசோம் 40. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் 30 முதல் 32 வரைதான். கப்ளிங் வேலைதான் இதுவும். பெயர் இரண்டுக்கும் 'சன்கஸ் மியூரினஸ்' என்று ஒன்றே. ஜப்பானிய ஆய்வகங்களில் வெவ்வேறு நாட்டு மூஞ்சூறுகளைக் கூட்டியபோது குட்டிகள் பிறந்தன. ஆனால் கலப்பு ஆண்களில் சில மலடாயின. ஆக, பாதி திறந்த கதவு!

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்று நினைக்காதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கறுப்பு மலை மூஞ்சூறும் இலங்கை மலை மூஞ்சூறும் ஒரே சிற்றினம் என்றுதான் எழுதி வந்தார்கள். 2008-ல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு இரண்டும் வெவ்வேறு என்றது. நம்முடையது 'சன்கஸ் நைகர்' ஆனது. ஒரே பெயரில் இருக்கும் வரை, ஒரு பக்கத்துச் சோலைக்காடு போனாலும், "மறுபக்கம் இருக்கிறதே" என்று பட்டியல் நிம்மதியாகச் சொல்லிவிடும்.

இங்கே விலங்கியல் படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அனுமதியோடு மாதிரி எடுக்கும்போது மண்டையோடு, தோல், குரோமோசோம் தகடு, கொஞ்சம் திசு, நான்குக்கும் ஒரே எண் போட்டு வையுங்கள். தகடு ஓர் அலமாரியிலும் தாடை வேறு ஊரிலும் கிடந்தால் எந்த நுண்ணோக்கியாலும் அவற்றைச் சேர்த்து வைக்க முடியாது. நுண்ணோக்கி மக்கர் செய்தால் கூப்பிடுங்கள், வந்துவிடுகிறேன்.