வாயிற்பலகையும் வாழ்க்கையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு அளிக்கப்பெற்ற பொருள், இல்லத்தில் நாம் எழுதித் தொங்கவிடும் வாசகங்களையும் தீட்டி வைக்கும் அடையாளங்களையும் பற்றியது. இது மிகச் சிறிய பொருள் என்று சிலர் கருதக்கூடும். ஆயினும், உறுப்பினர் இல்லந்தோறும் ஒரு வாயிற்பலகை செய்து வழங்கலாமா, வழங்கின் அதன்கண் யாது எழுதுவது என்று நம் செயற்குழுவினர் ஆராய்ந்து வருகின்றனர். ஆதலின் இதனைச் சற்று விரித்துப் பேசுதல் தகும். பலகைக்கு ஆகும் செலவு சிறிது. அதில் எழுதும் சொல்லைக் காப்பதற்கு ஆகும் செலவு பெரிது. அப் பெருஞ்செலவுக்கு நாம் ஆயத்தமாக இருக்கின்றோமா என்பதே எம் கேள்வி.

வாயிலை அணிசெய்தல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை அரண்மனை வாயிலைக் கூறுமிடத்து, அதன் நெடிய நிலையில் நெய் பூசி வெண்சிறுகடுகு அப்பியிருந்த செய்தியைத் தருகின்றது. மேலுத்தரத்தின் நடுவே திருமகளும், இருமருங்கும் செங்கழுநீர்ப் பூக்களும் பிடியானைகளும் அமைந்திருந்தமையை நச்சினார்க்கினியர் உரையால் அறிகின்றோம். செட்டிநாட்டுப் பழைய மனைகளின் நிலைக்கதவை அண்ணாந்து நோக்குவார், யானைகள் இருபுறமும் நிற்க நடுவே வீற்றிருக்கும் அத் திருமகளை இன்றும் காணலாம். பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வகுத்துரைக்கின்றது. தெய்வத்துக்கு எடுத்த கொடி ஒன்று. கற்றுவல்ல ஆசிரியர் வாதுக்கு அழைத்து நாட்டிய கொடி ஒன்று. கள் விற்கும் மனையின் கொடி மற்றொன்று. உள்ளே நிகழ்வது யாது என்பதை வெளியே நிற்கும் கொடி பொய்யின்றி உரைத்தது. வாதுக்கொடி நாட்டியவர் வாதுக்கு வருவாரைக் கண்டு கதவடைத்திருப்பின் ஊரார் நகையாடியிருப்பர் அல்லரோ?

இவற்றினும் சிறந்ததோர் அடையாளத்தைக் குறுந்தொகையிலே காண்கின்றோம். நன்னாகையார் பாடிய ஒரு சிறு பாட்டில், மாலைப் பொழுதில் பலரும் புகும் பெருவாயிலை அடைக்கப் போகும் ஏவலர், இன்னும் உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரோ என்று வினவிய பின்னரே கதவைச் சார்த்துகின்றனர். அம் மனையில் நல்வரவு என்று எழுதிய பலகை இருந்ததாகத் தெரியவில்லை. அக் கேள்வியே பலகையாயிற்று. நாள்தோறும் கேட்டாலன்றி அப் பலகை நில்லாது.

நிற்க. இல்லத்தின் அடையாளங்களை ஆராயுங்கால் அவை மூவகைப்படும் என்று தோன்றுகின்றது. வருவாரை ஏற்கும் வரவேற்பு ஒன்று. தீங்கை விலக்கும் காப்பு ஒன்று. இம்மனையார் இவ்வாறு வாழ்வர் என்று உரைக்கும் உறுதி ஒன்று.

வரவேற்பில் தலையாயது கோலம். வைகறையில் எழுந்து, வாயில் தெளித்து, அரிசி மாவினால் இழை இழுக்கின்றாள் இல்லாள். அம் மாவு எறும்புக்கும் குருவிக்கும் உணவாகின்றது. காலடி படப்பட அழிகின்றது. மறுநாள் மீண்டும் பிறக்கின்றது. அழிவதே அதன் சிறப்பு. ஒவ்வொரு நாளும் ஒருவர் குனிந்து உழைத்தால்தான் அச் சொல் உயிர்த்திருக்கும். இன்று கடையில் விற்கும் ஒட்டுக்கோலத்தை ஒருமுறை ஒட்டினால் ஓராண்டு கிடக்கும். எறும்புக்கு அதனால் ஓர் அணுவும் பயனில்லை. வேலைக்குச் செல்லும் மகளிர்க்குக் காலைப்பொழுது நெருக்கடியானது என்பதை அறியாமல் இதனைக் கூறவில்லை. ஆடவர் கைக்கும் கோலப்பொடி ஒட்டும் என்பதை மட்டும் நினைவூட்டி மேற்செல்கின்றோம்.

திண்ணையும் வரவேற்பேயாம். வழிப்போக்கர் எவராயினும் கேளாமலே அமர்ந்து இளைப்பாறலாம் என்பதைக் கல்லாலும் காரையாலும் எழுதிய வாசகம் அது. இக்காலத்து மனைகளில் திண்ணை போயிற்று. இரும்புக் கதவு வந்தது. அவ் விரும்புக் கதவிலே நல்வரவு என்று ஒரு பலகையும், நாய்கள் ஜாக்கிரதை என்று அதன் அருகே மற்றொரு பலகையும் தொங்குகின்றன. வருபவர் எதனை நம்புவார்? வாசற்படியிலோ, வெல்கம் என்னும் சொல்லை நெய்த மிதியடி கிடக்கின்றது. எழுதிய தாளில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மரபினர் நாம். வரவேற்கும் சொல்லின்மேல் செருப்பைத் துடைத்து உள்ளே செல்கின்றோம்.

இனிக் காப்பு. அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலைக் கொத்துச் செருகுவர். அதனைக் கண்ட அயலார் உள்ளே வாரார். அவ் வீட்டாரும் வெளியே மிகுதியாகச் செல்லார். பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என்று 1980இல் அறிவிக்கப்பட்டது. சின்னம்மைக்கு இவ் வழக்கம் இன்றும் உண்டு. நம்பிக்கையும் பயனும் ஒரே கொத்தில் கட்டப்பட்ட அடையாளம் இது. கண்ணேறு கழிக்கத் தொங்கும் பூசணியையும் படிகாரத்தையும், என்னைப் பார் யோகம் வரும் என்னும் வாசகத்தோடு நம்மை நோக்கும் கழுதைப் படத்தையும் யாம் இகழ வரவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படலாகாது என்பது நம் பாட்டிமார் மொழி. ஆயினும் ஒன்று கேட்போம்: அயலார் கண்ணுக்கு அஞ்சி நான்கு பொருள்களைத் தொங்கவிட்ட வாயிலில், அயலாரை அன்புடன் அழைக்கும் சொல்லும் தொங்குமாயின், இவ்விரண்டில் எம் உள்ளம் எது?

மூன்றாவதாகிய உறுதியே இன்றைய பேச்சின் உயிர்நிலை. எழுத்தறிந்தார் சிலராயிருந்த காலத்தில் வீட்டின் கொள்கை உருவத்தாலும் செயலாலும் வெளிப்பட்டது. அச்சு வந்தபின் நிலைமை மாறிற்று. ஓவியர் இரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவிய பின்னர், திருமகளும் கலைமகளும் வண்ணப்படங்களாய் எளியோர் சுவரையும் அடைந்தனர். பெருஞ்செல்வரே ஓவியம் வைத்திருந்த நிலை நீங்கியது பெரும்பேறு. படத்தைத் தொடர்ந்து வாசகங்களும் வந்தன. கடவுள் துணை, யாமிருக்கப் பயமேன், வாழ்க வளமுடன் என்பன சுவர்தோறும் விளங்கின. வீடுகளும் அன்னை இல்லம், பெற்றோர் அருள் என்று பெயர் பெற்றன. எளிதாகக் கிடைப்பதை எளிதாகவே மாட்டிவிட்டு மறந்துபோதல் மனித இயல்பு. அன்னை இல்லம் என்று பளிங்கிற் பொறித்த மனையில் அன்னைக்கு ஓர் அறை இல்லாமையையும் உலகில் காண்கின்றோம்.

பிற சமயத்தாரிடமும் நாம் கற்க வேண்டுவது உண்டு. யூதர்கள் தோற்சுருளில் திருமொழிகளைக் கையால் எழுதி, சிறு கூட்டில் இட்டு, வாயில்நிலையில் பொருத்துவர். போகும்போதும் வரும்போதும் அதனைத் தொட்டு வணங்குவார் பலர். அதற்கு அடிப்படையான அவர்தம் மறை இடும் கட்டளையின் வரிசை ஊன்றி நோக்கத்தக்கது. முதலில் அச் சொற்களை நெஞ்சில் வைக்கச் சொல்கின்றது. அடுத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்கின்றது. அதன் பின்னரே வாயில்நிலையில் எழுதச் சொல்கின்றது. நெஞ்சு, பிள்ளை, வாயில் என்பது அவ் வரிசை. நாமோ வாயிலில் தொடங்கி வாயிலிலேயே முடித்துவிடுகின்றோம். நம் நாட்டிலும் எழுத்தின்றி விளங்கும் உறுதிக்குச் சான்று உண்டு. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு அன்றுமுதல் அணையாமல் எரிந்துவருகின்றது என்பர். பசித்தவர் படிக்க வேண்டிய பலகை அந் நெருப்பேயாம்.

அன்பர்களே, வீட்டுப் பலகையை மிகுதியாகப் படிப்பவர் விருந்தினர் என்று நினைக்கின்றோம். விருந்தினர் ஒருமுறை பார்த்து உள்ளே சென்றுவிடுவர். நாள்தோறும் படிப்பவர் அவ்வீட்டுக் குழந்தைகள். வகுப்பறையிலே எழுத்துக் கற்பிக்கும் எம்போல்வார் இதனை நன்கு அறிவோம். எழுத்துக்கூட்டத் தொடங்கிய குழந்தை, பேருந்தின் பலகை முதல் கடைப்பெயர் வரை கண்டதையெல்லாம் படிக்கும். தன் வீட்டுச் சுவரில் உள்ளதையும் படிக்கும். படித்ததை வீட்டில் நிகழ்வதோடு ஒத்துப் பார்க்கும். வாய்மையே வெல்லும் என்று சுவரில் படித்த குழந்தையிடமே, கடன்காரர் வந்தால் அப்பா இல்லை என்று சொல் எனக் கற்பித்தால், அக் குழந்தை அன்று ஒரு பாடம் கற்கும். சுவரில் எழுதுவது வேறு, நடப்பது வேறு என்பதே அப் பாடம். அதனைப் பின்னர் எந்த ஆசிரியராலும் எளிதில் அழித்தல் இயலாது.

இனி நம் சமூகத்தின்பால் வருவோம். மணப்பேச்சு நடக்கும் கூடத்தை எண்ணிப் பாருங்கள். சுவரில் திருமகள் படம்; அதன்கீழ், பெண் இல்லத்தின் விளக்கு என்னும் பொருள்பட ஒரு வாசகம். அப் படத்தின்கீழ் அமர்ந்துதான் எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், என்ன வண்டி என்று பேசுகின்றனர். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் பிறந்தது. வாங்குதலும் குற்றம், கொடுத்தலும் குற்றம் என்று அது விதித்தது. சட்டம் நீதிமன்றத்தில் இருக்கின்றது. திருமகள் சுவரில் இருக்கின்றாள். நம் பெண்மக்களைப் பெற்றவர் வட்டிக்கடையில் நிற்கின்றனர். மற்றொன்றும் உண்டு. கணவனை இழந்த சகோதரி, தன் கையால் வாயிலை மெழுகித் தோரணம் தொடுத்துக் கொடுத்துவிட்டு, சுபவேளையில் பின்கட்டுக்குப் போய்விட வேண்டியிருக்கின்றது. அவள் தொடுத்த மாவிலை மங்கலமாயின் அவள் முகம் அமங்கலமாவது எங்ஙனம்? நல்வரவு என்னும் சொல் வெளியாருக்கு மட்டும் உரியதோ? உள்ளேயே இருப்பவள் அதனைப் படித்துக் கண்ணீர் உகுப்பாளாயின், அப் பலகையைக் கழற்றி வைத்தலே அறமாகும்.

அடுத்துக் கூறுவது சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். நம்மவரிடத்தில் உள்ள உரிமையால் கூறுகின்றோம். நாம் செய்யவிருக்கும் பலகையில் நம் சமூகப் பட்டத்தைப் பெரிய எழுத்தில் பொறிக்க வேண்டும் என்று நண்பர் சிலர் விரும்புகின்றனர். சங்கம் நம்மைக் கூட்டியது எதற்கு? ஏழைப் பிள்ளை படிப்பதற்கு. கைம்பெண்ணுக்கும் முதியோர்க்கும் உதவுவதற்கு. வழக்கும் வீண்செலவும் குறைவதற்கு. இப்பணிகள் சங்கக் கணக்கேட்டில் விளங்கினால் போதும். வாயிலில் பட்டம் விளங்கினால் விளைவது யாது? வெயிலில் வந்து தண்ணீர் கேட்க நினைக்கும் ஒருவர், அதனைப் படித்துத் தயங்கி நின்று, அப்பால் போய்விடக்கூடும். 1929இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப்பின் வரும் சாதிப்பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அன்று அதனை ஏற்றுத் தம் பட்டத்தைத் துறந்தவருள் சமூகச் சங்கங்களை நடத்திய பெரியோரும் உளர். அதனால் அவர் மதிப்புக் குன்றவில்லை. நல்வரவு என்ற சொல்லின் அருகே, வருபவர் தம் பிறப்பை எண்ணிப் பார்க்கச் செய்யும் ஒரு சொல்லை எழுதுதல், வலக்கையால் அழைத்து இடக்கையால் தள்ளுதல் போலாம்.

ஆயின் செய்யத்தக்கது யாது? செயற்குழுவினர் முன் மூன்று கருத்துகளைப் பணிவுடன் வைக்கின்றோம்.

முதலாவது, பலகையை அனைவர்க்கும் ஒரே நாளில் வழங்க வேண்டா. எங்கள் இல்லத்தில் மணத்திற்குப் பொருள் கேளோம், கொடோம் என்று குடும்பத்தார் அனைவரும், மகளிரும் உட்பட, கூடி முடிவு செய்த வீட்டுக்கு வழங்குக. அவ் வாசகமே பலகையில் நிற்கட்டும். பத்து வீடுகளே முன்வரினும் குறைவில்லை. அப் பலகை உள்ள வீட்டில் தரகர் தொகை பேச நாணுவார். பெண்ணைப் பெற்றவர் அஞ்சாமல் படியேறுவார். எழுதிய சொல் எழுதியவரையே காவல் காக்கும்.

இரண்டாவது, பலகையில் சமூகப் பட்டமும் சின்னமும் வேண்டா. குடும்பத்தின் பெயரும் ஊரும் போதும்.

மூன்றாவது, கூடத்தில் ஒரு சிறு கரும்பலகை வையுங்கள். நாளுக்கு ஒரு குறளாக வீட்டுப் பிள்ளைகளே எழுதட்டும். 1330 குறளும் முடிய மூன்று ஆண்டும் ஏழு மாதத்திற்கு மேலும் ஆகும். விருந்தோம்பல் அதிகாரம் நிகழும் பத்து நாளில் ஒருவருக்கேனும் உணவிடுங்கள். இனியவை கூறல் நிகழும் பத்து நாளில் வேலையாளையும் மரியாதையாக அழையுங்கள். கோலம்போல் நாள்தோறும் அழித்து எழுதும் சொல்லாதலின் அது பழகிப் புளித்துப் போகாது. சுவரில் நிலையாக மாட்டியது கண்ணுக்கு மறைந்துவிடும். கையால் எழுதியது கருத்தில் நிற்கும்.

பெரியோர்களே, பலகை ஏதும் இல்லாத வீடு குறையுடையதன்று. வந்தவர் முகம் மலர்வதும், உள்ளிருப்பவர் மனம் அஞ்சாதிருப்பதும் ஆகிய இரண்டும் உள்ள மனையில் வாயிலே வாசகமாகும். பலகை வைப்பதாயின், நம் வீட்டு மருமகளும், நம் வீட்டுக் கைம்பெண்ணும், நம் வீட்டுப் பணியாளும் அதனைப் படித்து, ஆம், இது மெய் என்று கூறத்தக்க ஒரு சொல்லை வைப்போம். அத்தகைய சொல் ஒன்று கிடைக்கும்வரை ஆணியை அடியாது பொறுத்திருப்பினும் இழுக்கில்லை.