எல்லோருக்கும் ஒரே விதியா? மாறிவரும் நாட்டில் சிறுபான்மையினரின் பாதுகாப்பு

(கொம்பனித்தெருவில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு)

 

இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு காலம் குடியியல் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக இச்சொற்பொழிவு நடைபெறுகிறது. குடியியல் பாடத்தின் முதல் பக்கத்திலேயே, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற வாக்கியம் இருக்கும். நம் நாட்டில் அந்த வாக்கியத்துக்கு என்ன நேர்ந்தது, அது உண்மையாக இனி என்ன செய்ய வேண்டும் என்பதையே இன்று பேச வந்திருக்கிறேன். அவருக்கு என்னால் செய்யக்கூடிய அஞ்சலி இதுதான்.

1. இந்த மண்

ஒல்லாந்தர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை அடைத்து வைத்த இடம் இது. ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயரிலும் அந்த அடிமைத்தனம் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னர் மலாய்ப் படைவீரர்களும் அவர்களின் குடும்பங்களும் இங்கே குடியேறினர். வெகந்தப் பள்ளிவாசல் 1786இல் எழுந்தது. ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் என்ற பெயர்கள் அந்த மக்களின் வரலாற்றை இன்றும் சொல்கின்றன. 1869இல் கொழும்பில் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகை வெளிவந்தது. தம் மொழியில் பத்திரிகை நடத்தும் அளவுக்கு அச்சிறு சமூகம் இங்கே வேரூன்றியிருந்தது. சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலும், தேவாலயமும், பள்ளிவாசலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. தமிழர், முஸ்லிம்கள், மலாயர், சிங்களவர் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்து வளர்ந்த ஊர் இது.

ஒன்றாக வாழ்ந்ததால் இங்குள்ளவர்களுக்குப் பாதுகாப்புத் தானாக வந்துவிடவில்லை. 1983 ஜூலையில் கொழும்பின் தமிழ் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்று பல சாட்சியங்கள் கூறுகின்றன. அந்நாள்களில் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்து வைத்துக் காத்த சிங்கள, முஸ்லிம் அயலவர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால், ஒரு குடிமகனின் உயிர் பக்கத்து வீட்டாரின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்குமானால் அரசு என்று ஒன்று எதற்கு?

2. கேகாலையிலிருந்து வந்த இரண்டு வழக்குகள்

சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பில் 29(2) என்ற பிரிவு இருந்தது. ஒரு சமூகத்தின் மீது மட்டும் சுமத்தப்படும் குறைபாட்டையோ கட்டுப்பாட்டையோ பாராளுமன்றம் சட்டமாக்க முடியாது என்று அது தடுத்தது. சிறுபான்மையினருக்கு அளிக்கப்பட்ட பெரும் உத்தரவாதம் அதுவே. அதன் வலிமை இரண்டு வழக்குகளில் சோதிக்கப்பட்டது. இரண்டும் கேகாலை மாவட்டத்தில் முளைத்தவை.

முதலாவது கோடக்கன் பிள்ளையின் வழக்கு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தாலும் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் போயிற்று. ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கேட்ட கோடக்கன் பிள்ளை இலண்டன் கோமறைக் கழகம் வரை போனார். 1953இல் வழக்குத் தோற்றது. யார் பிரசை என்று வரையறுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, இச்சட்டம் எந்தச் சமூகத்தையும் குறிவைக்கவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். சட்டத்தில் ‘தமிழர்’ என்ற சொல் இல்லைதான். ஆனால், அதன் பாரம் தேயிலைத் தோட்ட லயங்களின் மீதே இறங்கியது.

இரண்டாவது செல்லையா கோடீஸ்வரனின் வழக்கு. அவர் கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞர். 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்தை அடுத்து, அரசாங்க ஊழியர் சிங்களத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதி வந்தது. அத்தேர்ச்சி இல்லை என்று 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அந்த மொழிச் சட்டமே 29ஆம் பிரிவுக்கு முரணானது என்றது. 1967இல் உச்ச நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று கூறி அதை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம், வழக்காட முடியும் என்று சொல்லி, அரசியலமைப்புப் பிரச்சினையைத் தீர்க்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அது தீர்க்கப்படவே இல்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தபோது 29ஆம் பிரிவும் மறைந்தது. ஓர் எழுதுவினைஞர் கேட்ட கேள்விக்கு நாடு இன்னும் பதில் சொல்லவில்லை.

3. ஒரே விதி, ஒருவர் மீதே பாரம்

இவ்விரு வழக்குகளையும் விரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அநீதி எப்போதும் இனப்பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்றே பெரும்பாலும் வருகிறது.

அண்மைய உதாரணத்தைப் பாருங்கள். கொவிட் தொற்றால் இறந்த எவருடைய உடலும் தகனம் செய்யப்பட வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியிருந்தது. விதி எல்லோருக்கும் பொதுவானதுதான். தகனம் செய்வதை வழமையாகக் கொண்டவர்களுக்கு அதில் இழப்பில்லை. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர் பலருக்கும் அது இறுதிக் கடமையையே பறித்தது. அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி உச்ச நீதிமன்றம் காரணம் கூறாமலே தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் விதி மாறியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பை வரவேற்போம். ஆனால், அடுத்த முறை அதே விதி வேறு உருவில் வந்தால் தடுப்பதற்கு ஒரு சட்டம் அந்த மன்னிப்போடு வரவில்லை.

இனப்பாகுபாட்டின் எல்லா வடிவங்களையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை 1965இல் ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறியது. உரிமையைக் கெடுக்கும் ‘நோக்கம்’ மட்டுமன்றி, கெடுக்கும் ‘விளைவு’ உள்ள வேறுபடுத்தலும் பாகுபாடே என்கிறது அது. இலங்கை 1982இல் அதில் சேர்ந்தது. ஆனால், உள்நாட்டுச் சட்டமாக்கப்படாத உடன்படிக்கையின் உரிமைகளை நம் நீதிமன்றங்களில் கோர முடியாது என்பது உச்ச நீதிமன்றம் 2006இல் அளித்த சிங்கராசா தீர்ப்பின் பின் தெளிவாகிவிட்டது.

பிரித்தானியாவில் 1976ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் மறைமுகப் பாகுபாட்டையும் தடை செய்தது. பர்மிங்காமில் ஒரு தனியார் பள்ளி, தலைப்பாகையைக் கழற்றி முடியை வெட்டினால்தான் அனுமதி என்று ஒரு சீக்கியச் சிறுவனிடம் சொன்னது. தலைப்பாகை கூடாது என்ற சீருடை விதி எல்லோருக்கும் பொதுவானது என்று பள்ளி வாதிட்டது. 1983இல் பிரபுக்கள் சபை அந்த வாதத்தை ஏற்கவில்லை. விதி யாரைப் பாதிக்கிறது என்று கேட்க அங்கே சட்டம் இடம் கொடுத்தது. கோடீஸ்வரனுக்குக் கிடைக்காத நீதி அந்தச் சிறுவனுக்குக் கிடைத்ததற்கு அதுவே காரணம்.

4. முறையிட ஓர் இடம்

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளுக்குள் பொலிசார் புகுந்தனர். மருத்துவத்துக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கும், வேலை தேடியும் வந்து தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே நீதிமன்றம் வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவிட்டது. அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பினர்.

அன்று சட்டம் பயன்பட்டதற்குக் காரணம், வெளியேற்றியது பொலிஸ் என்பதே. நமது அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி முதலிய காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால், 126ஆம் உறுப்புரையின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால் மீறல் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலாக இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் போகவும் வேண்டும். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டு வாடகை அறையை மறுக்கும் வீட்டுக்காரர், பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கும் தனியார் நிறுவனம், அபாயாவைக் கண்டு முகம் சுளிக்கும் முதலாளி ஆகியோரை இந்த வழியில் கேள்வி கேட்க முடியாது. கடைக்கும் உணவகத்துக்கும் போகும் உரிமையை 12(3) பேசுகிறது. வாடகை வீட்டையும் வேலையையும் அது பேசவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்தாலும் அதன் முடிவு பரிந்துரையாகவே நிற்கும். நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க 80(3) விடாது.

1999இல் சம வாய்ப்புச் சட்டமூலம் ஒன்று வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிடப்பட்டது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. ஆயினும் 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனயிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெறுப்பைப் பரப்பியவர்கள் மீது பாய வேண்டிய அதே சட்டம் 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை ஒரு சிறுகதைக்காகச் சிறைக்கு அனுப்பியது. எனவே கைவிலங்கை அதிகரிக்கும் சட்டத்தை நான் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் தரும் சட்டத்தையே கேட்கிறேன்.

5. நம் பக்கமும்

இந்தக் கோரிக்கையை வைக்கும் தமிழர் நாம் ஒன்றை மறைக்கக் கூடாது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலமே. ஆயுதமும் அதிகாரமும் கையில் இருந்த இடத்தில் சிறுபான்மையும் இன்னொரு சிறுபான்மையைத் துரத்தியது. சாதி கேட்டு வீடு கொடுப்பதும், மலையகத்துப் பிள்ளையை வேலைக்காரப் பிள்ளையாக மட்டும் பார்ப்பதும் நமக்குள் இருக்கின்றன. ஆகவே சட்டம் இன்ன இனத்தின் கையிலிருந்து இன்ன இனத்தைக் காப்பதாக இருக்க முடியாது. அதிகாரம் யார் கையில் இருந்தாலும் அதை நோக்கிக் கேள்வி கேட்க வேண்டும். அப்போதுதான் நம் கோரிக்கைக்கு அறம் இருக்கும்.

6. செய்ய வேண்டியவை

2022இல் காலிமுகத்திடலில் மக்கள் திரண்டனர். அவ்வாண்டு மே 18ஆம் திகதி அங்கே போரில் மாண்டோர் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டது. சிங்கள இளைஞரும் நின்று அஞ்சலி செலுத்தினர். 2024இல் ஆட்சி மாறியது. நாடு மாறும் காலம் இது. பழைய விதிகள் தளர்ந்து புதியவை எழுதப்படும் இந்த வேளையில் நாம் நான்கு விடயங்களைக் கேட்க வேண்டும்.

முதலாவது, விளைவையும் பாகுபாடாகக் கொள்ளும் பாகுபாட்டுத் தடைச் சட்டம். இரண்டாவது, அச்சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்த வேண்டும். வாடகை, வேலை, கல்வி, வங்கிக் கடன் எல்லாம் அதற்குள் வர வேண்டும். தென்னாபிரிக்கா நிறவெறி ஆட்சியிலிருந்து வெளிவந்த பின் 2000ஆம் ஆண்டில் அத்தகைய சட்டத்தை இயற்றிச் சமத்துவ நீதிமன்றங்களை அமைத்தது. முறையிடுபவர் முதல்நோக்கில் பாகுபாட்டைக் காட்டிவிட்டால், அது நடக்கவில்லை என்று நிறுவும் பொறுப்பு மறுதரப்புக்குப் போகிறது. மூன்றாவது, தமிழில் முறைப்பாடு எழுதி, தமிழில் விசாரித்து, தமிழில் தீர்ப்புத் தரும் மன்றம் பிரதேச மட்டத்தில் வேண்டும். 1987இலேயே தமிழும் அரச கரும மொழியானது. கொழும்பில் பொலிஸ் நிலையத்துக்குப் போன எவருக்கும் மிச்சக் கதை தெரியும். நான்காவது, பயங்கரவாதத் தடைச் சட்டம் நீங்க வேண்டும். 1979இல் தற்காலிகமாக என்று வந்த சட்டம் இன்னும் இருக்கும்வரை தமிழ் இளைஞனோ முஸ்லிம் இளைஞனோ துணிந்து முறைப்பாடு செய்யப் போவதில்லை.

நகர அபிவிருத்தியையும் விளைவு என்ற இதே அளவுகோலால் பார்க்க வேண்டும். 2010 மே மாதம் இங்கே மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதன் பின் கொம்பனித்தெருவின் பழைய தோட்டங்கள் ஒவ்வொன்றாக உயர் கட்டடங்களுக்கு வழிவிட்டன. பல மொழி பேசும் ஏழைகள் வாழ்ந்த இடத்தைக் காலி செய்யும் திட்டம் எவர் பெயரையும் சொல்வதில்லை. யார் போனார்கள், யார் திரும்பி வர முடிந்தது என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். யாருக்காவது அறை மறுக்கப்பட்டால், வேலை மறுக்கப்பட்டால், அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால், நாளையும் இடத்தையும் நடந்ததையும் எழுதி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிலும் பதியுங்கள். மலாயருக்கு நடந்தால் தமிழரும், தமிழருக்கு நடந்தால் சிங்களவரும் சாட்சியாகக் கையெழுத்திடுங்கள். புதிய சட்டம் வேண்டும் என்று பாராளுமன்றத்தின் முன் நிற்கும் நாளில் அந்தப் பதிவுகளே நம் ஆதாரம். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று ஆசிரியர் கற்பித்ததை நடைமுறையாக்கும் வேலை இனி நம்முடையது.